டாக்டர் போட்டுக்கொண்ட ஊசி

"கொலைகாரி!"

டாக்டர் மொன்செஃப் போட்ட சத்தத்தில் குழந்தைகள் புற்றுநோய் வார்டே திரும்பிப் பார்த்தது. கத்தியதில் அவருக்கு இருமல் வேறு பிடித்துக்கொண்டது. போன வாரத்திலிருந்தே அந்த இருமல்.

எதிரே பயிற்சி நர்ஸ் எம்னா தலைகுனிந்து நின்றாள்.

"இல்யேஸுக்கு ரத்தப் புற்றுநோய். எதிர்ப்புச் சக்தியே கிடையாது. இப்போ ஃப்ளூ வந்து ஆக்சிஜன்ல கிடக்கான். இந்த வார்டுல ஃப்ளூ ஊசி போட்டுக்காத ஒரே ஆள் நீதான்!"

டாக்டர் ஓரடி முன்னால் வந்தார்.

"கேன்டீன்ல ஃப்ரிகாஸே பன் வாங்க முண்டியடிக்கத் தெரியுது. ஊசிக்கு வரத் தெரியலையா? ஏன் போட்டுக்கலை? வாயைத் திற!"

"அவசியமில்லைன்னு நெனச்சேன், டாக்டர்."

"வயசுத் திமிர்!"

சுற்றி நின்ற நர்ஸுகள் எங்களுக்கெல்லாம் ஆத்திரமாக வந்தது. இவளை வார்டுக்குள் விட்டதே தப்பு.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளையோட அம்மா அழுதுக்கிட்டு நிக்கிறா. போய்ச் சொல்லேன்டி, அவசியமில்லைன்னு!" என்று பல்லைக் கடித்தாள் தலைமை நர்ஸ் லத்தீஃபா.

டாக்டர் சுவரைக் காட்டினார். அங்கே ஆளுயரப் படம். சட்டைக் கையை மடித்துக்கொண்டு டாக்டர் சிரிக்கிறார். அவர் புஜத்தில் ஊசியை வைத்தபடி எம்னா. கீழே, 'நான் போட்டுக்கொண்டேன். நீங்கள்?'

"ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுக்க இந்தப் படம் தொங்குது. எனக்கு ஊசி போட்டவளே நீதானே? உனக்குப் போட்டுக்க மட்டும் வலிச்சுதா? நாளையிலேர்ந்து வராதே. பயிற்சிச் சான்றிதழும் கிடையாது!"

எம்னாவுக்குக் கண் நிறைந்தது.

"தப்புதான் டாக்டர். பெரிய தப்பு."

அங்கேயே கையை மடித்து லத்தீஃபாவிடம் நீட்டினாள். "போடுங்க அக்கா."

லத்தீஃபா தடுப்பூசித் தட்டைக் கொண்டுவந்து, கோபம் தீரக் குத்தினாள். எம்னா முகம் சுளிக்கவில்லை. தட்டிலிருந்து இன்னொரு ஊசியை எடுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் வந்து நின்றாள்.

"இது யாருக்கு?" என்று சீறினார் அவர்.

"படம் எடுத்த அன்னைக்கு, 'ஊசி மூடியைக் கழட்டாதே, சும்மா வச்சுக் காட்டு'ன்னீங்க. நீங்களே போட்டுக்கலை, நமக்கெதுக்குன்னு நானும் இருந்துட்டேன்."

மூடியைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"கையை மடிங்க டாக்டர். இந்த வார்டுல போட்டுக்காத ஒரே ஆள் இப்போ நீங்கதான்!"