திரும்பி வருவாள் என்பதற்கு ஆதாரம்

"கிழியாதை பிள்ளை. ஓரத்தை வெட்டு," என்று கத்தரிக்கோலை நீட்டினார் தம்பிராசா.

முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவர். உறையைக் கிழிப்பவர்களை அவருக்கு அடியோடு பிடிக்காது.

மகள் சாருஜா அதை வாங்கினாள். உறைக்குள் அவளுடைய கடவுச்சீட்டு. அதில் விசா குத்தியிருந்தால் அடுத்த மாதம் அவள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போவாள்.

அசல் செவ்வாய்க்கு அல்ல. அங்கே இன்னும் ஒருவரும் போகவில்லை. எங்கோ ஒரு நாட்டின் பாலைவனத்தில், செவ்வாயில் இருக்கப்போவது மாதிரி ஒரு வீட்டைக் கட்டி, ஆறு பேரை எட்டு மாதம் உள்ளே வைத்துப் பூட்டப் போகிறார்கள். குடித்த தண்ணீரையே சுத்தம் செய்து திரும்பக் குடிக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க வேண்டும். உண்மையான பயணம் வந்தால் மனிதன் தாக்குப்பிடிப்பானா என்று பார்க்கத்தான் இத்தனை பாடு.

உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயம் நட்ட பரம்பரையில் பிறந்து, விவசாயம் படித்த சாருஜாவுக்கு அங்கே வேலை, மண்ணே இல்லாமல் கீரை வளர்ப்பது.

விண்ணப்பித்தவர்கள் நாலாயிரம் பேர். ஏன் போக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அவள் எழுதிய கட்டுரைதான் அவளை உள்ளே கொண்டுபோனது. உண்மையான பயணம் என்று ஒன்று வந்தால், திரும்பி வர வழியில்லை என்றாலும் போவேன் என்று அதை முடித்திருந்தாள். எழுதிவிட்டு அழுதாள். எட்டு வயதிலிருந்து அவளுக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

"அங்கை நிரந்தரமா இருக்க பி.ஆர். குடுப்பினமோ?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பத்மாவதி.

தம்பிராசா அப்படியெல்லாம் கேட்கவில்லை. செவ்வாயில் போய்ப் பார்க்க என்ன கிடக்கு என்று மட்டும் கேட்டார்.

"ஒண்டுமில்லையப்பா. அதுதான் போய்ப் பாக்கப்போகினம்."

அவர் தலையாட்டினார். ஊரைவிட்டு ஆட்கள் போவதற்கு அவர் அறிந்த காரணங்கள் குண்டும் காசும்தான். பிறகு, பக்கத்து வீட்டான் போய்விட்டான் என்பதும். இது புதுக் காரணம்.

செவ்வாயிலிருந்து ஒரு சொல் பூமிக்கு வர இருபது நிமிடம்கூட ஆகலாம், அந்த வீட்டிலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவள் விளக்கியபோது கொஞ்சம் யோசித்தார்.

"இருபது நிமிஷம் பறவாயில்லை. உன்ரை பெரியண்ணை வெளிநாட்டிலையிருந்து மாசத்துக்கு ஒருக்காத்தான் கோல் எடுக்கிறான்."

பூட்டிய அறையில் இருந்து பழகுவதற்காக அவள் வெங்காயக் கொட்டிலில் ஒரு கிழமை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். தம்பிராசா யன்னலால் இடியப்பம் நீட்டினார். மூன்றாம் நாள் யன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இது தனிமைப் பயிற்சியப்பா என்று எவ்வளவு சொல்லியும் எழும்பவில்லை.

விசா ஃபைலை அவர்தான் கட்டினார். அதில் மறுபேச்சே இல்லை. சொந்தப் பிள்ளைகள் மூன்று பேர், மருமக்கள், கோயில் ஐயரின் மகன் என்று பதினாலு பேரை விமானம் ஏற்றிவிட்ட கை. அவர் கட்டிய ஃபைல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்தப் பதினாலு பேரில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

போன வருடம் அம்மா செத்தபோது அண்ணன்மார் இரண்டு பேரும் அக்காவும் தொலைபேசித் திரையில் நின்று அழுதார்கள். கொள்ளி வைத்தது பத்மாவதியின் மகன். அதன் பிறகு அந்தப் பெரிய வீட்டில் மிச்சம் தகப்பனும் மகளும்தான்.

சாருஜா ஓரத்தை வெட்டினாள். கடவுச்சீட்டைப் புரட்டினாள். வெறும் பக்கங்கள். கண் பிசகியிருக்கும் என்று இன்னொரு தரம் புரட்டினாள்.

கூடவே ஒரு கடிதம். விண்ணப்பதாரர் வேலை முடிந்ததும் தன் நாட்டுக்குத் திரும்புவார் என்று நம்புவதற்கு இடமில்லையாம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கதிர்வீச்சு, எலும்புத் தேய்வு, காற்றில்லாத வெளி என்று விண்வெளிக்குப் போகிறவனுக்கு முன்னால் நிற்கும் தடைகளை எல்லாம் இரண்டு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். விசா அதிகாரி அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. பூமியைவிட்டே போகத் துணிந்தவளை, பூமியில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு விடமாட்டார்களாம்.

பிறகு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்தியை வாசித்தாள்.

இந்த முடிவுக்கு ஆதாரம், ஃபைலில் முதலாவதாக இருந்த தந்தையின் கடிதம் என்றிருந்தது.

ஒவ்வொரு ஃபைலிலும் தகப்பன் கடிதம் ஒன்று போகும் என்பது அவளுக்குத் தெரியும். என் பிள்ளை போன காரியம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பி வருவான் என்று உறுதியளிக்கிறேன். சமாதான நீதவானின் முத்திரையோடு அந்த ஒரே வாசகம்தான் எல்லோருக்கும். தகப்பன் இல்லாதவர்களுக்கு மாமன் என்று மாற்றி எழுதுவார். இந்தத் தடவை என்ன எழுதினார் என்று பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரி அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்.

"என் மூன்று பிள்ளைகளும் திரும்பி வருவதாகச் சொல்லித்தான் போனார்கள். வரவில்லை. இவளும் வரமாட்டாள். அப்படித் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். அந்தக் கட்டுரையை இத்துடன் இணைத்துள்ளேன்."

"அப்பா!"

தம்பிராசா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த ஒண்டிலைதான் பிள்ளை, நான் பொய் எழுதேல்லை," என்றார்.