எண்பத்தேழில் போன வண்டி

வெடிச் சத்தத்தில் சன்னல் கம்பி ஒருதரம் அதிர்ந்து நின்றபோது மணி பதினொன்று நாற்பது.

கற்பகவல்லி நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடக்கூட நிற்கவில்லை. போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடினாள்.

தெருவே மேற்கே பார்த்து நின்றது. வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம்தான். அவள் புருஷன் தனுஷ்கோடி காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதும் அந்தப் பக்கம்தான்.

போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

எடுக்கமாட்டான் என்று தெரியும். பட்டாசுக் கம்பெனிக்குள் போனும் ஆகாது, இரும்பும் ஆகாது. போன், தீப்பெட்டி, வண்டிச் சாவி எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்து, செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாவிகள் வாட்ச்மேன் பலகையில் வரிசையாகத் தொங்கும்.

தெரிந்தும் பதினொரு தடவை போட்டாள்.

அடுத்த வீட்டு சோலையம்மாள் தன் மகன் முனியராஜுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கும் அதே கம்பெனி, அதே வெடிமருந்து ரூம். கம்பெனி வேனில் போய் வருகிறவன். அவன் போனும் அதே கேட்டில்தான் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும்.

வாட்ஸ்அப்பில் யாரோ கம்பெனி பேரைப் போட்டார்கள். அவர்கள் கம்பெனிதான். சோலையம்மாள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கற்பகவல்லிக்கு அழுகைகூட வரவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு அவள் போனில் மெசேஜ் வந்தது.

அவளுக்கு இங்கிலீஷ் ஓடாது. எதிர்வீட்டுக் கல்லூரிக்காரி ஆர்த்தியிடம் நீட்டினாள்.

ஆர்த்தி படித்தாள். மறுபடி படித்தாள். அபராதம். நாலுவழிச் சாலையில் வேகத்தைப் பிடிக்கிற கேமரா எடுத்திருக்கிறது. வண்டி எண்பத்தேழு கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது, ஹெல்மெட்டும் போடவில்லை. இரண்டுக்கும் சேர்த்து இரண்டாயிரம் கட்டவேண்டும்.

"நேரம் எத்தனைனு போட்டுருக்குத்தா? நல்லாப் பாரு."

பதினொன்று ஐம்பத்தெட்டு.

சத்தம் கேட்டது நாற்பதுக்கு. பதினெட்டு நிமிஷம் கழித்து வண்டி ரோட்டில் ஓடியிருக்கிறது. பேரு, பேரு போட்டிருக்கிறதா என்று கேட்டாள். மாமா பேருதான் அத்தே, வண்டிக்குக் குடுத்த போன் நம்பர்தான் ஒங்களது என்றாள் ஆர்த்தி.

அப்போதுதான் அழுகை வந்தது. மாரியாத்தா, நீ கண் திறந்துட்டே தாயே என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தெருவே நம்பமுடியாமல் சிரித்தது. தனுஷ்கோடியா எண்பத்தேழு? வெடிமருந்தைக் கையில் அள்ளுகிற மனுஷனுக்கு ரோட்டைக் கண்டால்தான் பயம். அண்ணனை ரோட்டில் பறிகொடுத்தவன். நாற்பதைத் தாண்டமாட்டான். முக்குக் கடைக்குச் சோடா வாங்கப் போனாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போவான். பிள்ளைகள் கேலி பேசும்.

உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவன் ஹெல்மெட்டையா தேடுவான் என்றாள் கற்பகவல்லி. சொன்னவளுக்கே உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. ஒரு போன் பண்ணியிருக்கலாமே. போனை எங்கே போட்டுவிட்டு வந்தானோ என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

பத்து ரூபாய்க்குக் காய்காரனோடு மல்லுக்கட்டுகிறவள், அந்த ரெண்டாயிரத்தை இப்பவே கட்டிடு தாயி, நான் தாரேன் என்றாள். ஆர்த்தி பணம் கட்டுகிற பக்கத்தைத் திறந்தாள். போட்டோவும் இருக்காம் அத்தே, வரமாட்டேங்குது என்றாள். ஊரே போன் போட்டுக்கொண்டிருந்தது. நெட் இழுக்காமல் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சோலையம்மாள் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கற்பகவல்லிக்குத் தன் சந்தோஷம் கூசியது. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீக மதினி. அவுக வந்துருவாக. வந்த ஒடனே ஒங்க மகன் எங்கனனு கேட்டுருவோம்."

தெரு முனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

சைலன்சர் ஓட்டை. தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். போன மாசமே மாற்றச் சொல்லிச் சண்டை போட்ட சைலன்சர்.

கற்பகவல்லி எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். திட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எண்பத்தேழாம், ஹெல்மெட் இல்லையாம், இன்றைக்கு இருக்கிறது இந்த மனுஷனுக்கு.

பின்னால் ஆர்த்தியின் குரல் கேட்டது.

"அத்தே, போகாதீக."

திரும்பிப் பார்த்தாள். ஆர்த்தி போனை நெஞ்சோடு கவிழ்த்துப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. போட்டோ வந்துவிட்டது போல.

வண்டி வாசலுக்கு வந்து நின்றது.

சோலையம்மாள் "எய்யா" என்று அலறிக்கொண்டு இவளைத் தாண்டி ஓடினாள். ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டாள். முனியராஜ் வண்டியை விட்டு இறங்கவில்லை. காலில் செருப்பில்லை. முழங்கை வரை வெள்ளி மருந்து. அம்மா கட்டிப்பிடித்து அழுவது அவனுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டு கற்பகவல்லியைப் பார்த்தான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பின் சீட்டைப் பார்த்தாள்.

பின்கம்பியில் ஹெல்மெட் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.