மறுமுனை

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஒரு சலவைக்கூடத்தின் கதை சொல்கிறேன். நீராவியில் விளக்கு மங்குகிறது. ஆஸ்பத்திரி விரிப்புகள் மலையாய்க் குவிந்து கிடக்கின்றன. இரண்டிரண்டு பேராய் முனைபிடித்து மடித்த பெண்கள், இன்று ஆளுக்கொன்றை மோவாயில் இடுக்கிக்கொண்டு தனியே மல்லாடுகிறார்கள். "யாரு சோம்பேறின்னு என் காதுல போடுங்க" என்று முதலாளி கேட்டிருந்தார். யாரோ போட்டதில், நேற்று ஒருத்திக்கு வேலை போனது. போட்டது யாரென்றுதான் தெரியவில்லை. "அக்கா, அந்த முனையைப் பிடிங்களேன்." "வேணாம் தாயே, அடுத்து என்னைப் பத்திப் போட்டுக்கொடுக்கவா கூப்பிடறே?" விரிப்பு ஈரத்தரையில் புரண்டு மறுபடி தொட்டிக்கே போகிறது. "விரிப்பு இல்லாம அங்க ஆபரேஷன் நிக்குது, இங்க என்ன பண்றீங்க?" முதலாளி வாசலில் நின்று கத்துகிறார். "மறுமுனை பிடிக்க ஆள் இல்லைங்க" என்கிறாள் ஒருத்தி, குனிந்தபடியே. கூடம் நிறைய ஆட்கள்; ஒருத்தியும் நிமிரவில்லை. உங்கள் வீட்டில் மறுமுனை பிடிக்க என்றைக்கும் ஒரு கை இருக்கட்டும்.