குருவி பார்த்த பேரம்

“ஒரு சிட்டுக்குருவியைப் பாக்க மூவாயிரம் ரூபா கேமராவா? அந்தக் காசுக்கு எங்க பழவேற்காட்டுல ஊரையே உக்கார வெச்சு எறா வறுத்துப் போடலாம்டா!” என்றான் சாம்சன்.

அன்புசெல்வன் தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்து, சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். தேர்வாய் கண்டிகையில் அவர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில், போனைத் தொட அனுமதி கேண்டீனில் மட்டும்தான். அதுவும் சங்கு ஊதும் வரைதான்.

போனுக்குள் ஊத்துக்கோட்டைக் கொல்லைப்புறம் பளிச்சென்று தெரிந்தது. கொய்யா மரத்தில் வாய் வெட்டிய பிளாஸ்டிக் கேன் ஒன்று தொங்கியது. அதில் நொய்யும் கம்பும். நாலைந்து குருவிகளும் ஒரு மைனாவும், மூடப்போகிற சீட்டுக் கம்பெனி வாசலில் நிற்பவர்களைப் போல முண்டியடித்தன. அவை போடும் கீச்சுச் சத்தம்கூடக் கேட்டது.

“தீனி போடறது யாரு?”

“நர்மதா. தெனம் நம்ம சாப்பாட்டு மணிக்குத்தான் போடும். இன்னைக்குக் காலையிலயே போட்டுட்டுது. ஊட்ல கல்யாணப் பேச்சு. மாப்ள ஊட்டுக்காரங்க நகை பேச வந்துகீறாங்க.”

“நீ போவல?”

“பெரியவங்க பேசற எடத்துல நீ எதுக்குன்னுட்டாங்க.”

“மாப்ள எப்டி?”

“சுமாராத்தான் இருப்பான்.”

போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவன் சாம்சன். ஆனால் அடுத்தவன் அப்பளத்தை எடுக்க அந்த ஒரு வாரப் பழக்கம் அவனுக்குப் போதும். “தங்கச்சி கல்யாணம்னா சும்மாவா? கவலை இருக்கத்தான் செய்யும்,” என்றபடி அதை நொறுக்கினான். அன்புசெல்வன் வாயில் சோறு இருந்தது.

போன் அதிர்ந்தது. நர்மதாவின் செய்தி. ‘முப்பது சவரன் கேக்கறாங்க. நைனா ஏரிக்கரை நெலத்தை வித்துடலாம்ன்றாரு. நெலம் போனா எனக்கு இந்தக் கல்யாணமே வாணாம். சொல்லிட்டேன்.’

நர்மதா சொன்னால் சொன்னதுதான். நைனாவிடம் இருப்பது பத்து சவரனும் அந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சையும். நெல் வியாபாரி ‘உக்காருங்க’ என்று நாற்காலி போட்டாலே மூட்டைக்கு ஐம்பது ரூபாய் விட்டுக்கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர். அவரைப் பேரத்தில் உட்கார வைப்பது, ஆட்டை விட்டுக் கீரைக்கடைக்குக் காவல் போடுவதற்கு நேர் எதிர். கீரை போய் ஆட்டுக்கு முன்னால் தானே படுத்துக்கொள்ளும்.

திடீரென்று குருவிகள் விர்ரென்று கலைந்தன. பட்டுப்புடவை அம்மாள் ஒருத்தியும் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவரும் கொய்யா மரத்தடிக்கு வந்தார்கள். “தனியா ஒரு வார்த்தை பேசிக்கினு வரோம்” என்று எழுந்து வருவது வழக்கம்தானே. கூடத்தில் பேசுவது கேட்கிற விலை. கொல்லையில் பேசுவதுதான் படிகிற விலை.

“இதான் மாப்ள ஊட்டு அம்மாவா? தடபுடலா கீது,” என்றான் சாம்சன்.

“உஸ்!” அன்புசெல்வன் சத்தத்தைக் கூட்டினான்.

“அந்தாளு நெலத்தை விக்கிறேன்றாரு. பாவமா கீதும்மே,” என்றார் வேட்டிக்காரர்.

“நீ கம்முனு இருய்யா. முப்பது கேட்டாதான் இருபதுக்கு வருவாங்க. பத்து குடுத்தாக்கூட நான் எழுந்துக்கப் போறதில்ல. பொண்ணு தங்கமா கீது. ஆனா நீ மூஞ்சியில காட்டிக்காத. ஒண்ணும் கேக்காம கட்டினா, ‘உம்புள்ளைக்கு இன்னா கொறை’னு என் ஓரகத்தி கேப்பா.”

சாம்சன் மேசையைத் தட்டினான். “போடுடா போனை!”

அன்புசெல்வன் ஏற்கெனவே போட்டுவிட்டான். “நர்மதா, நைனாவை அடுப்படிக்குக் கூப்ட்டு சொல்லு. பத்துக்கு மேல குண்டுமணி கூட இல்லன்னு கையைக் கட்டிக்கினு உக்காரணும். அந்தம்மா முந்தானையை உதறி எழுந்துக்கற மாதிரி பண்ணுவாங்க. நைனா பயப்பட வாணாம். நீ இன்னொரு காபி குடு. சக்கரை போடாத.”

மரத்தடி காலியானது. முதலில் மைனா வந்தது, பிறகு குருவிகள். அன்புசெல்வன் குருவிகளைப் பார்க்கவில்லை, சோற்றையும் தொடவில்லை. சாம்சனே பேச்சை நிறுத்திவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் அதிர்ந்தது. ‘பத்து. தாம்பூலம் மாத்தியாச்சு.’

அன்புசெல்வன் மிச்சச் சோற்றை நாலே வாயில் முடித்தான்.

சாம்சன் விரல் விட்டான். “முப்பதுல பத்து போனா இருபது. நெலமும் தப்பிச்சுது. உங்களுக்கு லாபம்தான். ஆனா மாப்ளையை நெனச்சாதான் பேஜாரா கீது. உக்காந்த எடத்துல இருபது சவரன் போச்சே! விசயம் தெரிஞ்சா உன்னை வந்து ஒதைக்க மாட்டான்?”

சங்கு ஊதியது. அன்புசெல்வன் போனை அணைத்துவிட்டு எழுந்தான்.

“மாப்ளையே நான்தான்டா. பட்டுப்புடவையில நின்னுச்சே, அது எங்கம்மா, அதுக்குத் தெரிஞ்சாதான் ஒதை,” என்றான். “அந்தப் புடவையும் போன தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்ததுதான். அதையும் கணக்குல சேத்துக்கோ: மாப்ளைக்கு நஷ்டம் இருபது சவரனும் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாயும்.”