முதுகில் ஒரு பாக்கெட்

"வெளிய தெரியாம தைக்கணும் ஜோதி. தெரிஞ்சா நம்ம இனியா கல்யாணம் அவ்வளவுதான்."

பனியனின் முதுகுப்பக்கம் பாக்கெட் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ஜோதியம்மாள் தலை நிமிரவில்லை. "நகை கடத்தறவன்கூட இவ்ளோ பயப்பட மாட்டான்," என்றாள். அவள் உள்ளே போட்டு வாயைத் தைத்தது ஒரு சிவப்பு ரப்பர் பந்து.

கணக்கு வாத்தியார் வேடியப்பனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. வேலூர் டாக்டர் ஒரு மெஷின் வாங்க வைத்திருந்தார். அதன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால், ராத்திரி பூராவும் காற்றை ஊதி மூச்சை நிற்க விடாது. முதல் நாள் அந்தக் கோலத்தில் புருஷனைப் பார்த்த ஜோதியம்மாள், பிள்ளையார் என்று கற்பூரம் தேடப் போய்விட்டாள்.

மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். ராத்திரி தங்கப்போகிற பர்வதமலை உச்சியில் பிளக் பாயிண்டுக்கு எங்கே போவது? அதைத் தூக்கிக்கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறவும் முடியாது. "மல்லாந்து படுத்தாதான் சார் உங்களுக்கு மூச்சு அடைக்குது. முதுகுல ஒரு பந்து இருந்தா ஒருக்களிச்சே தூங்குவீங்க," என்று டாக்டர் சொன்ன மாற்று வழிதான் இந்தப் பாக்கெட்.

மலைக்கு வாங்க என்று அவரை யாரும் கூப்பிடவில்லை. இனியாவைத் தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்த கீழ்பென்னாத்தூர் உரக்கடை சகாதேவன், "வருஷா வருஷம் தை மாசம் பர்வதமலையில ஒரு ராத்திரி தங்குவேன் சார். எங்க வீட்டு வேண்டுதல். எறங்கி வந்து முடிவு சொல்றேன். சம்பந்தின்னு கூப்புடறதெல்லாம் அதுக்கப்புறம்," என்று மட்டும்தான் சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டாரின் மனசைக் குளிரவைக்கும் அவசரத்தில் வேடியப்பனின் வாய், மூளையைக் கேட்காமலே, "தனியா எதுக்கு சார், நானும் வரேன்," என்றுவிட்டது. சகாதேவனின் முகம் ஒரு கணம் சுருங்கியது. என் தொப்பையைப் பார்த்துக் கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று வேடியப்பன் நினைத்துக்கொண்டார்.

"மூச்சு நிக்கிறவன் வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான், ஜோதி?"

"அதை, வரேன்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்," என்று பனியனை மடித்துக் கொடுத்தாள்.

மலையில், பாறையில் அடித்திருந்த கடப்பாறைகளைப் பிடித்துப் பிடித்து ஏற வேண்டியிருந்தது. முப்பது வருஷமாகக் கரும்பலகையில் செங்குத்துக் கோடு போட்டவருக்கு, செங்குத்து என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. பாதி வழியில் கோடு, கோணம் எல்லாம் மறந்து சிவசிவா மட்டும் மிஞ்சியது.

உச்சியில் கும்பிட்டு முடித்து மண்டபத்தில் இருவரும் துப்பட்டி விரித்தார்கள். வேடியப்பன் சட்டைக்கு உள்ளே பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். சகாதேவன் போர்வைக்குப் பதிலாகத் தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"நீங்க மொதல்ல படுங்க சார்."

"பரவால்ல சார், நீங்க படுங்க. எனக்குத் தூக்கம் லேட்டாதான் வரும்," என்றார் வேடியப்பன். போன வாரம்தான் எட்டாம் வகுப்பில், கையில் சாக்பீஸோடு நின்றபடியே தூங்கியவர் அவர்.

"எனக்கும் அப்படித்தான்," என்ற சகாதேவன், சொன்ன கையோடு மூன்று கொட்டாவி விட்டார்.

கடைசியில் ஒரே சமயத்தில் படுத்தார்கள். எதிரெதிரே, ஒருக்களித்து, முகத்துக்கு முகம். இவர் மல்லாக்கப் படுக்கவே மாட்டாரா, ராத்திரி பூரா என்னையேதான் பார்த்துக்கொண்டிருப்பாரா என்று வேடியப்பனுக்கு உதறல் எடுத்தது. அந்த உதறலிலேயே தூங்கிப்போனார்.

கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. மல்லாந்து கிடந்தார். முதுகுக்குக் கீழே ஒன்றுமே உறுத்தவில்லை. கையை விட்டுப் பார்த்தார். ஜோதியம்மாளின் தையல் பிரிந்து பாக்கெட் வாயைப் பிளந்திருந்தது.

எழுந்து உட்கார்ந்து பந்தைத் தேடினார். சகாதேவன் தன் துப்பட்டி மேல் கிடந்த எதையோ அள்ளி அவசரமாக மடிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் சிவப்பு தெரிந்தது. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன சார் அது?"

"ஒண்ணுமில்ல சார். ஒண்ணுமே இல்ல. நீங்க மூஞ்சி கழுவிட்டு வாங்க."

என் மானம் போகக் கூடாதென்று மனுஷன் பந்தை மறைக்கிறார். அந்தப் பெருந்தன்மைதான் வேடியப்பனை அடித்துப்போட்டது. இப்படிப்பட்டவரிடமா பொய் சொன்னோம்?

"மறைக்காதீங்க சார். அது என்னுதுதான்," என்றார். "தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னுடும். மல்லாந்து படுக்காம இருக்க முதுகுல பந்து கட்டிக்கிட்டு வந்தேன். வீட்ல மெஷின்கூட இருக்குது. சொல்லாதது என் தப்பு. எம்பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடையாது. என்னை வச்சு அவளை வேணான்னுடாதீங்க சார்."

சகாதேவன் மடியிலிருந்த பந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேடியப்பனைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் வலது கையை ஸ்வெட்டருக்குள் விட்டு முதுகைத் தடவினார். ஏதோ ஓரிடத்தில் கை நின்றது. போன ரத்தம் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"என்னுது முதுகுலயேதான் இருக்குது, சம்பந்தி."