கைக்குக் கை

உள்ளிப்பூண்டுத் தோல் விரலில் ஒட்டிக்கொண்டது. அவன் உதறவில்லை.

அகதி அலுவலகத்திலிருந்து அவனுக்கு வந்த கடிதத்தில் புனிதமலர் அக்கா இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தாள்.

கோயில் மடப்பள்ளியில் அவர்கள் இருவர்தான். ஒரு அடுப்பில் சோறு. இன்னொன்றில் பருப்பு. இன்றைக்கு நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. மேசையில் பெரிய பூசணிக்காய் ஒன்று முழுதாகக் கிடந்தது. பக்கத்தில் கத்தி.

அக்கா யாருக்கும் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டாள். சண்டை வரும் என்பாள். பெற்ற மகள் கேட்டாலும் மேசையில் வைப்பாள். மகள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவனுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த வேறு யாரிடமாவது கடிதத்தைக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் பதினொரு மாதமாக அவனைத் தம்பி என்று கூப்பிட்டவள் அவள். தான் செய்தது அவளுக்குத் தெரியாமல் அந்தச் சொல்லை வைத்திருப்பது திருட்டுப் போல இருந்தது.

"உமக்கு ஊரிலை ஆபத்து இருக்கெண்டு நம்பினமாம்," என்றாள்.

அவன் தலையசைத்தான்.

"எண்டாலும் அகதியா ஏற்கேலாதாம்."

அடுத்த வரிகளை அவள் சத்தமாக வாசிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

ஆளைக் கொன்றவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அங்கே எழுதியிருக்கும்.

அப்போது அவனுக்கு இருபது வயது. மீன் சந்தையில் இடத்துக்காக ஒரு வாய்ச்சண்டை. கையில் மீன் வெட்டும் கத்தி இருந்தது. அன்று பொழுதுபடும் முன்பே, குத்துப்பட்ட செல்வநேசன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். பிறகு போர் வந்து ஊரையும் வழக்கையும் கலைத்துவிட்டது.

"இது அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் சொன்னனான், அக்கா."

"கேட்டவையோ?"

"வேறை ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேட்டவை."

சோற்றுப் பானையின் மூடி குதித்தது. அவள் எழுந்து நெருப்பைக் குறைத்தாள். திரும்பி வந்து மிச்சத்தையும் வாசித்தாள்.

"அப்பீலுக்கு ஒரு மாசம் இருக்கு."

குரலில் எதுவும் தெரியவில்லை.

அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் செல்வநேசன் என்ற பெயரை அகதி விசாரணை அதிகாரியின் மேசைக்கு முன்னால் சொன்ன நாளிலிருந்து, பிள்ளையாருக்கு முன்னால் அவனால் கண்ணை மூடி நிற்க முடிந்தது. அதை யாரும் திருப்பி வாங்க முடியாது.

சமையலறை யன்னலில் தில்லையம்பலம் அண்ணையின் தலை தெரிந்தது. பந்தி பார்ப்பவர்.

"பூசணிக்காய் இன்னும் முழுசாக் கிடக்கு. எங்கடை உள்ளி மாப்பிளை கத்தியைத் தொட்டா மாலை வாடிப்போமோ?"

எல்லா வெள்ளிக்கிழமையும் சொல்லும் பகிடிதான். பதினொரு மாதமாக அவன் உள்ளி உரித்தான். தேங்காய் திருவினான். கிடாரம் கழுவினான். கத்தியைத் தொட்டதில்லை. வேலைக் கள்ளன் என்றார்கள். அவன் மறுத்ததும் இல்லை.

அந்தப் பகிடிக்கு அக்காவும் சிரித்திருக்கிறாள்.

இன்று சிரிக்கவில்லை. அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை யன்னலிலிருந்து போய்விட்டது.

கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள். ஈரம் படாத இடமாகப் பார்த்து, மேல்தட்டில் விபூதித் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு கத்தியைக் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

பிடி அவன் பக்கம் வரும்படி நீட்டினாள்.

அவன் உள்ளியைக் கீழே வைத்தான். மேசையைப் பார்த்தான். அவள் கத்தியை அங்கே வைப்பாள் என்று காத்திருந்தான்.

அவள் வைக்கவில்லை.

உள்ளே பூசை மணி அடிக்கத் தொடங்கியது. பருப்பு பொங்கி அடங்கியது.

யன்னலில் மறுபடியும் தலை.

"என்ன அக்கா, ஆரும் வெட்டுறியளோ, நான் வரட்டோ?"

"பொறுங்கோ," என்றாள் அவள். "தம்பி வெட்டுறார்."

கத்தியோடு அவள் கை நீட்டியபடியே இருந்தது.