இழுபட்டு விரிந்த குழாய்கள்

கல்குவாரியில் பாதி ஆயுளைக் கழித்த இருளப்பனின் நுரையீரல், ஆஸ்பத்திரிக் கூடத்தில் வீடளவுக்கு ஒளியுருவமாக எழுந்து நின்றது. மனைவி பேச்சியம்மா அவர் கையைப் பிடித்தபடி அதற்குள் நடந்தாள். நுனிக்குப் போகப்போகச் சிறுக்கவேண்டிய மூச்சுக்குழாய்கள் கோணலாக விரிந்து கிடந்தன.

"அகலமா இருந்தா காத்து நல்லாத்தானே போகும், டாக்டரம்மா?"

"கல்தூசியால வந்த தழும்பு சுருங்கும்போது குழாயை இழுத்து விரிச்சிடுச்சும்மா. இதுல சளிதான் தேங்கும்."

ஒரு மூலையில் ஒரேயொரு கிளை மட்டும் கெடாமல் இருந்தது. டாக்டர் அதைக் காட்டினார். "இதுலேர்ந்தே புது நுரையீரல் வளர்த்துடலாம்."

வளர்த்தார்கள். வீடு திரும்பிய அன்று, விசாரிக்க வந்தவர்களிடம் இருளப்பன் சொன்னார்: "யார்கிட்டயும் இரவல் வாங்கலைய்யா, அத்தனையும் என் நெஞ்சுல விளைஞ்சது."

நடுவில் மூச்சு வாங்காமல் அவர் ஒரு வாக்கியத்தை முடித்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. பேச்சியம்மா தலை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.